புதினாத் துவையலில் ஏன் குளிர்ச்சி இல்லை?

புதினா மிட்டாய் ஒன்றை வாயில் போட்டால் ஜிவ்வென்று குளிர்கிறது. பற்பசையும் அப்படித்தான். ஆனால் ஒரு கட்டுப் புதினாவை வதக்கி, புளியும் மிளகாயும் வைத்து அரைத்த துவையலில் அந்தக் குளிர்ச்சி வருவதில்லை. வதக்கியதில் போயிருக்குமோ என்று பச்சை இலையைக் கிள்ளி மென்று பார்த்தாலும் அதே கதைதான். வாசனை ஆளைத் தூக்குகிறது, மிட்டாய்க்கு உள்ள குளிர்ச்சி மட்டும் இல்லை.

இரண்டும் வேறு வேறு செடி என்பதுதான் காரணம். நம் சந்தைகளில் கட்டுக் கட்டாக விற்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் என்ற வகை. அதற்கு மணம் தருவது கார்வோன் என்ற பொருள். மிட்டாயில் குளிர்வது மெந்தால். அது பெப்பர்மின்ட் செடியிலும், உத்தரப் பிரதேசத்தில் எண்ணெய்க்காகவே பயிரிடப்படும் மெந்தால் புதினாவிலும் உண்டு. உண்மையில் மெந்தால் எதையும் குளிர வைப்பதில்லை. குளிரை உணர்வதற்காக நம் நரம்பு முனைகளில் இருக்கும் ஒரு புரதத்தைத் தட்டி எழுப்பிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தப் புரதத்தை 2002-இல் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே கண்டறிந்தார்கள். வெப்பமும் தொடுதலும் உடம்புக்கு எப்படித் தெரிகிறது என்ற ஆய்வுக்காக 2021-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கார்வோனும் மெந்தாலும் ஒரே பொருளிலிருந்து பிறக்கின்றன. லிமோனீன் என்ற பத்துக் கார்பன் மூலக்கூறுதான் இரண்டுக்கும் தாய். ஸ்பியர்மின்ட் அதன்மேல் ஓர் ஆக்சிஜனை ஓரிடத்தில் ஒட்டுகிறது, பெப்பர்மின்ட் இன்னோர் இடத்தில் ஒட்டுகிறது. பாதை அங்கே பிரிகிறது. எந்த இடம் என்று முடிவு செய்வது ஒரு நொதி. அந்த நொதியில் உள்ள சுமார் 500 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறினால் போதும், ஆக்சிஜன் இடம் மாறி உட்கார்ந்துவிடும். இது எப்படி என்று சொல்வதற்கு முன் ஓமம், கற்பூரம், சந்தனம் என்று அஞ்சறைப் பெட்டியையும் பூஜை அலமாரியையும் கொஞ்சம் குடைய வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு பெயர். சர்க்கரை, கொழுப்பு, புரதம், டிஎன்ஏ போன்றவை எல்லா உயிருக்கும் பொது. அவை இல்லாமல் உயிரே இல்லை. இவற்றுக்கு மேல், அந்தந்த உயிருக்கே உரிய சரக்கு ஒன்று உண்டு. மிளகின் காரம், மஞ்சளின் நிறம், வேம்பின் கசப்பு, பூஞ்சை தயாரிக்கும் பென்சிலின் எல்லாம் அந்த வகை. வேதியியலார் இவற்றை இயற்கை விளைபொருள்கள் என்பார்கள். செடி எழுந்து ஓட முடியாது, கடிக்கவும் முடியாது. பூச்சியை விரட்டவும் வண்டை அழைக்கவும் அதற்கு இருக்கும் வழி வேதியியல்தான். இந்த விளைபொருள்களிலேயே மிகப் பெரிய குடும்பம் டெர்பீன்கள். இதுவரை 80,000-க்கும் மேல் தெரிந்திருக்கிறது. எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் தைலம், கேரட்டின் நிறம், ரப்பர் பால், நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் எல்லாம் இந்தக் குடும்பத்து உறவினர்கள்தான்.

உறவு இருப்பதைக் கண்டுபிடித்த கதையே சுவையானது. ஜெர்மனியின் பான் நகரப் பல்கலைக்கழகத்தில், பென்சீன் வளையத்துக்குப் பேர் போன கெக்குலேயின் ஆய்வகத்தில், வாசனை எண்ணெய்ப் புட்டிகள் பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. இவற்றை ஆராயலாமா என்று கேட்டு வாங்கியவர் ஓட்டோ வாலாக். அந்தக் காலத்தில் எந்தச் செடியிலிருந்து எடுத்தார்களோ அந்தச் செடியின் பெயரையே எண்ணெய்ப் பொருளுக்கும் வைத்துவிடுவார்கள். அதனால் ஒரே பொருளுக்குப் பத்துப் பெயர். வாலாக் பொறுமையாகப் பிரித்துப் பார்த்து, பலவும் ஒன்றே என்று காட்டினார். அவை ஐந்து கார்பன் கொண்ட ஐசோபிரீன் துண்டுகளால் ஆனவை என்றும் கவனித்தார். 1910-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சூரிக்கில் பணியாற்றிய லியோபோல்ட் ருஜிச்கா இதை இன்னும் பெரிய மூலக்கூறுகளுக்கு விரித்தார். அவருக்கு 1939-இல் நோபல். உயிருக்குள் இவை எப்படிப் பிறக்கின்றன என்பதற்கான விதியாக 1953-இல் அதை அவரே திருத்தி எழுதினார்.

விதி மிக எளிது: ஐந்தாம் வாய்ப்பாடு. லிமோனீனில் 10 கார்பன். சந்தன மணத்தைத் தரும் சாண்டலாலில் 15. புற்றுநோய் மருந்தான டாக்சாலின் நடு எலும்புக்கூட்டில் 20. கொலஸ்ட்ராலுக்கு முந்தைய ஸ்குவாலீனில் 30. கேரட்டின் பீட்டா கரோட்டினில் 40. ரப்பரில் ஆயிரக்கணக்கான துண்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும்.

அந்த ஐந்து கார்பன் துண்டு எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரையை உடைத்துக் கிடைக்கும் சில்லறைகளிலிருந்து அதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. நம் உடம்பில் ஒரு வழி மட்டும். செடிகளில் இரண்டும் உண்டு. இரண்டாவது வழி இருப்பதே 1990-களில்தான் மிஷெல் ரோமர் போன்றவர்களின் ஆய்வால் வெளிச்சத்துக்கு வந்தது. புதினா தன் லிமோனீனுக்கு அந்த இரண்டாவது வழியைத்தான் பயன்படுத்துகிறது. கொலஸ்ட்ராலுக்காக ஸ்டாட்டின் மாத்திரை போடுகிறவர்கள் தினமும் அடைப்பது முதல் வழியை.

இப்போது நொதிக்கு வருவோம். நொதி என்பது ஒரு புரதம். அமினோ அமிலங்கள் மணிமாலை போலக் கோக்கப்பட்டு, அந்த மாலை சுருண்டு மடங்கி ஓர் உருவம் எடுக்கும். உருவத்தின் நடுவே ஒரு குழி இருக்கும். வேலை நடப்பது அந்தக் குழியில்தான். தானே நடந்தால் யுகம் ஆகக்கூடிய வேதிவினையை நொதி கண நேரத்தில் முடிக்க வைக்கும். தான் மட்டும் தீராமல் அடுத்த மூலக்கூறுக்குத் தயாராக நிற்கும்.

பள்ளிப் பாடத்தில் பூட்டும் சாவியும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். டெர்பீன் விஷயத்துக்கு எனக்கு முறுக்கு அச்சுதான் பொருத்தமாகத் தோன்றுகிறது. மாவு ஒன்றாகவே இருக்கட்டும். ஒற்றை வட்ட ஓட்டைத் தட்டைப் போட்டால் தேன்குழல், சிறு ஓட்டைகள் உள்ள தட்டைப் போட்டால் ஓமப்பொடி, நீளக் கோடு போட்ட தட்டு என்றால் ரிப்பன் பக்கோடா. வித்தியாசம் மாவில் இல்லை, தட்டில் இருக்கிறது. டெர்பீன் நொதிகளுக்கும் அப்படித்தான். மூலப்பொருள் ஒரே ஐந்து கார்பன் துண்டு. விளைவது 80,000 வகை. வேலை எல்லாம் குழியின் வடிவத்தில்.

முதல் வேலை துண்டுகளைக் கோப்பது. ஐந்தோடு ஐந்து சேர்ந்து பத்து, இன்னொன்று சேர்ந்து பதினைந்து, அப்புறம் இருபது. சங்கிலி வளர வளரக் குழிக்குள் இறங்கிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது? எண்ணிப் பார்க்க நொதிக்குத் தெரியாது. குழியின் அடித்தளம் தட்டுப்பட்டதும் சங்கிலி வளர்வது நின்றுவிடும். 1996-இல் இதைக் கோழியின் நொதியை வைத்து நிரூபித்தார்கள். 15 கார்பன் சங்கிலி செய்யும் அந்த நொதியில், குழியின் அடியில் இரண்டு பருமனான அமினோ அமிலங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்றை வைத்தார்கள். சங்கிலி 20, 25 என்று நீண்டது. இரண்டையும் மாற்றியபோது அதற்கும் மேலே போனது. கிணற்றை ஆழப்படுத்தினால் கயிறு நீளமாக வேண்டும் என்பது போல இது அவ்வளவு வெளிப்படையானது. ஆனாலும் ஒரு மூலக்கூறின் நீளம் இப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

இரண்டாவது வேலைதான் உண்மையான வித்தை. கோத்த சங்கிலி வெறும் நூல். அதை மடக்கி வளையமாக்க வேண்டும். பத்துக் கார்பன் சங்கிலியையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனையில் இரண்டு பாஸ்பேட் ஒரு வால் போல ஒட்டியிருக்கும். நொதியின் குழிக்குள் மக்னீசியம் அயனிகள் காத்திருக்கும். அவை அந்த வாலைப் பிடித்து இழுக்க, வால் கழன்றுவிடும். போகும்போது இரண்டு எலெக்ட்ரான்களையும் எடுத்துக்கொண்டு போய்விடும். இப்போது சங்கிலியின் முனையில் இருப்பது நேர்மின் ஏறிய கார்பன். சூடான எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி அது, சும்மா இருக்காது. அருகில் எந்த எலெக்ட்ரான் கிடைத்தாலும் பாய்ந்து பிடிக்கும். சங்கிலியின் மறுமுனையில் இருக்கும் இரட்டைப் பிணைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும், வளையம் மூடிக்கொள்ளும். நேர்மின்சுமை தீர்ந்துவிடாது, வேறொரு கார்பனுக்கு நகர்ந்துவிடும். ஆட்டம் தொடரும்.

வளையம் மூடிய அந்தக் கணத்தில் கிடைக்கும் நேர்மின் மூலக்கூறை விழுப்புரம் ஜங்ஷன் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து எந்தப் பக்கமும் வண்டி போகும். ஒரு ஹைட்ரஜன் அயனியை உதறிவிட்டால் லிமோனீன். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இதுதான். தோலைக் கண்ணுக்கு நேரே பிதுக்கினால் எரிகிறதே, அந்த எண்ணெய்தான். உதறாமல், உள்ளேயே இன்னொரு வளையம் போட்டுக்கொண்டால் பைனீன். பைன் மரத்தின் டர்பன்டைன் வாசனை அது. ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துப் பிடித்து, அதே ஆக்சிஜனை வளையத்தின் குறுக்கே பாலமாகப் போட்டுக்கொண்டால் சினியோல். ஊட்டியில் வாங்கிவரும் நீலகிரித் தைலத்தின் உயிர் அதுதான், ஏலக்காயிலும் நிறைய உண்டு. வளையத்துக்குள் ஒரு ஹைட்ரஜன் இடம் மாறினால் காமா-டெர்பினீன். அதைப் பிறகு வேறு நொதிகள் தைமால் ஆக்குகின்றன. வயிற்று வலிக்கு ஓமத்தை மென்றால் நாக்கில் சுரீர் என்று இறங்குவது அந்தத் தைமால்.

கற்பூரத்தின் கதை இன்னும் வேடிக்கை. இரண்டாவது வளையத்தை வேறு கோணத்தில் போட்டுக்கொண்ட மூலக்கூறு, முதலில் கழற்றி எறிந்த அதே பாஸ்பேட் வாலை மீண்டும் பிடித்து ஒட்டிக்கொள்கிறது, இம்முறை வேறொரு கார்பனில். வெளியே தள்ளப்பட்ட வால் குழியை விட்டுப் போகாமல் அங்கேயே காத்திருக்கிறது. அப்புறம் வேறொரு நொதி அந்த வாலை வெட்டி, இன்னொன்று ஹைட்ரஜனை உருவினால் கற்பூரம். கற்பூர மரத்தில் நடப்பது இது. இன்று கடையில் வாங்கும் கற்பூரவில்லை பெரும்பாலும் தொழிற்சாலையில் பைனீனிலிருந்து செய்தது. தொழிற்சாலையிலும் அதே நேர்மின் கார்பன் விளையாட்டுத்தான் நடக்கிறது. அமிலத்தை ஊற்றிக் கார்பன்களை இடம் மாற வைக்கிறார்கள்.

முறுக்கு அச்சு உவமை இந்த இடத்தில் உதைக்கிறது. மாவு தானாக நெளியாது, இந்த மூலக்கூறு நெளியும். அதைக் கையால் பிடித்து வளைக்கும் வேலையை நொதி செய்வதில்லை. செய்வது மூன்றுதான். உள்ளே வரும்போதே சங்கிலியை ஒரு குறிப்பிட்ட மாதிரி மடிந்து உட்கார வைக்கிறது. எலெக்ட்ரான் நிறைந்த வளையங்களைக் கொண்ட அமினோ அமிலங்களைச் சுவரில் பதித்து, பறக்கத் துடிக்கும் நேர்மின்னை ஆசுவாசப்படுத்துகிறது. வாயிலை மூடி, தண்ணீரை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறது. தண்ணீர் புகுந்தால் அந்தக் கணமே ஆட்டம் முடிந்துவிடும். சினியோல் போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஒரு துளியை, அதாவது ஒரே ஒரு மூலக்கூறை, சரியான இடத்தில் விடுகிறது. மற்றபடி ஓடுவது மூலக்கூறேதான்.

இதனால் ஒரு விளைவு உண்டு. எல்லாக் குழிகளும் ஒரே மாதிரி இறுக்கமாக இருப்பதில்லை. சில நொதிகள் ஒரே பொருளைத்தான் தரும். சில நொதிகள் தாராளம். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளரும் கிராண்ட் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தில் காமா-ஹியூமுலீன் என்ற பொருளைச் செய்யும் ஒரு நொதி இருக்கிறது. 1998-இல் அதை ஆராய்ந்தபோது, ஒரே 15 கார்பன் சங்கிலியைக் கொடுத்தால் அது 52 வெவ்வேறு பொருள்களைத் தருகிறது என்று தெரிந்தது. ஒரே நொதி, ஒரே மூலப்பொருள், 52 முடிவுகள். பிறகு 2006-இல் கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங்கின் குழு அந்த நொதியின் குழியில் சில அமினோ அமிலங்களை மாற்றி மாற்றி வைத்தது. தாராளமாக இருந்த நொதியிலிருந்து, ஆளுக்கொரு பொருளை முக்கியமாகத் தரும் ஏழு நொதிகளை உருவாக்கினார்கள்.

கலவையாகத் தருவதைப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். சந்தன மரத்திலும் ஒரே நொதிதான் 15 கார்பன் சங்கிலியிலிருந்து ஆல்பா சாண்டலீன், பீட்டா சாண்டலீன், இன்னும் இரண்டு உறவுக்காரர்கள் என்று கலந்து செய்கிறது. மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் இவற்றின்மேல் ஆக்சிஜன் ஏறி சாண்டலால்கள் ஆகின்றன. நாம் இழைத்துப் பூசிக்கொள்வது அந்தக் கலவையின் மணத்தை.

ஆக்சிஜன் ஏற்றுவதுதான் மூன்றாவது வேலை. நம் புதினா அங்கேதான் காத்திருக்கிறது.

வளையம் போட்டு முடித்த டெர்பீன் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். எண்ணெய் மாதிரி வழவழவென்று, பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி இல்லாமல் இருக்கும். அதில் ஓர் ஆக்சிஜனைச் செருகினால்தான் அடுத்த நொதிகள் பிடித்து வேலை செய்ய முடியும். செருகுகிறவை பெரும்பாலும் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம். ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருப்பது போன்ற இரும்பு மையம் இவற்றுக்கும் உண்டு. மனித உடம்பில் இந்தக் குடும்பத்துக்கு 57 மரபணுக்கள். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பலவற்றை ஈரலில் சிதைப்பது இவைதான். ஆய்வகச் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியில் சுமார் 245. உட்கார்ந்த இடத்திலேயே வாழ்கிற உயிருக்கு ஆயுதக் கிடங்கு பெரிதாகத்தான் இருக்கும்.

புதினா இலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேற்பரப்பில் மினுமினுக்கும் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. விரல் பட்டு உடைந்தால் மணம் கிளம்புகிறது. அந்தச் சுரப்பிச் செல்களுக்குள்தான் இவ்வளவும் நடக்கிறது. லிமோனீன் வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் மூன்றாம் எண் கார்பன், அந்தப் பக்கம் ஆறாம் எண் கார்பன். இரண்டுமே ஆக்சிஜன் ஏற வசதியான இடங்கள். ஸ்பியர்மின்ட்டின் பி450 ஆறில் ஏற்றுகிறது. அடுத்த நொதி இரண்டு ஹைட்ரஜனை உருவ, கார்வோன் தயார். பாதை அங்கேயே முடிந்துவிடும். பெப்பர்மின்ட்டின் பி450 மூன்றில் ஏற்றுகிறது. அதன் பிறகு ஹைட்ரஜனை உருவுவது, இரட்டைப் பிணைப்பை நகர்த்துவது, மீண்டும் ஹைட்ரஜன் சேர்ப்பது என்று வரிசையாக நொதிகள் கைமாற்றிக்கொண்டே போய், புலிகோன், மெந்தோன் எல்லாம் தாண்டி மெந்தாலில் முடிகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராட்னி குரோட்டோவின் ஆய்வகம் பல ஆண்டுகளாகப் புதினாவோடு வாழ்ந்தது என்றே சொல்லலாம். 2000-இல் அங்கே ஸ்பியர்மின்ட் பி450-இல் 363-ஆம் இடத்திலிருந்த அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். அங்கே இருந்தது பெரிய வளையத்தைச் சுமக்கும் பினைல்அலனின். அதற்குப் பதில் பெப்பர்மின்ட்டில் இருப்பது போல ஐசோலூசின் என்ற சிறியதை வைத்தார்கள். ஆக்சிஜன் ஆறாம் கார்பனை விட்டு மூன்றாம் கார்பனில் ஏறிவிட்டது. குழியின் சுவரிலிருந்த ஒரு புடைப்பு போனதும், லிமோனீன் கொஞ்சம் திரும்பி உட்கார இடம் கிடைத்துவிட்டது. இரும்பு மையம் எப்போதும் போல எதிரே இருப்பதில் ஆக்சிஜனை ஏற்றியது. எதிரே இருந்த கார்பன்தான் வேறு.

செடியிலேயே இப்படி நடந்ததற்கும் சாட்சி உண்டு. ஸ்பியர்மின்ட் குடும்பத்துச் செடி ஒன்றைக் காமா கதிருக்கு உட்படுத்தியபோது, பெப்பர்மின்ட் போல மணக்கும் ஒரு திரிந்த செடி கிடைத்தது. 1991-இல் குரோட்டோவின் ஆய்வகத்தார் அதன் நொதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பழைய செடியிலும் புதிய செடியிலும் நொதிப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றேதான். ஆக்சிஜன் ஏற்றும் நொதி மட்டும் மாறியிருந்தது. அதாவது மூன்றாம் கார்பன் பாதைக்கு வேண்டிய பிற கருவிகளில் பெரும்பாலானவை பழைய செடியிலேயே வேலையில்லாமல் கிடந்திருக்கின்றன. பூட்டியிருந்த அறையின் கதவைத் திறந்ததும் உள்ளே எல்லாப் பாத்திரமும் தயாராக இருந்த மாதிரி.

கார்வோனை விட்டு நகர்வதற்கு முன் ஒரு சின்னச் செய்தி. கிரைப் வாட்டர் வாசனை நினைவிருக்கிறதா? அதில் சேர்வது சதகுப்பை எண்ணெய். சதகுப்பையிலும் கார்வோன் உண்டு. அதே அணுக்கள், அதே இணைப்பு வரிசை. ஆனால் புதினாவின் கார்வோனுக்குக் கண்ணாடியில் தெரியும் பிம்பம் அது. இடது கைச் செருப்பும்... மன்னிக்கவும், இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் மாதிரி. நம் மூக்கில் வாசனையை உணரும் புரதங்களும் ஒரு பக்கமாக வளைந்தவைதான் என்பதால், ஒரு காலுக்கான செருப்பு மற்றதில் சரியாக நுழைவதில்லை. ஒன்று புதினாவாக மணக்கிறது, மற்றது சதகுப்பையாக. ஆய்வகக் குடுவையில் சாதாரணமாகச் செய்தால் இரண்டும் பாதிப் பாதி கலந்து வரும். நொதி தன் குழியில் ஒரு கால் செருப்பை மட்டும் தைக்கிறது. மெந்தாலில் இது இன்னும் சிக்கல். அதே இணைப்பு வரிசையில் எட்டு வடிவங்கள் சாத்தியம். பெப்பர்மின்ட் பெரும்பாலும் ஒன்றைத்தான் தயாரிக்கிறது. நன்றாகக் குளிர்வதும் அதுதான்.

புதுப் புது நொதிகள் எப்படி வந்தன? மரபணு சில சமயம் தவறுதலாக இரட்டிப்பாகிவிடும். மூத்தது பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, இளையது விடுதலை பெற்ற பிள்ளை மாதிரி மாறிப் பார்க்கலாம். ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலே புதுப் பொருள் கிடைக்கக்கூடிய குடும்பம் இது. அந்தப் பொருள் ஒரு பூச்சியை விரட்டினால் செடி பிழைத்தது, மரபணுவும் நிலைத்தது. அந்தக் கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியிலேயே டெர்பீன் வளையம் போடும் மரபணுக்கள் 30-க்கும் மேல் இருப்பது இப்படித்தான்.

மேலே சொன்ன மூன்று வேலைகளும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேம்பைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்திறங்கி எல்லாப் பச்சையையும் தின்று தீர்த்தபோது வேப்பமரங்கள் மட்டும் தப்பி நிற்பதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலார் பார்த்தார். 1968-இல் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வடிவத்தைச் சரியாக வரைந்து முடிப்பதற்கே 1980-கள் ஆகிவிட்டன. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு அதை ஆய்வகத்தில் முழுதாகச் செய்து முடித்தது 2007-இல். எடுத்துக்கொண்ட காலம் 22 ஆண்டுகள்.

அந்த மூலக்கூறின் வாய்ப்பாட்டைப் பார்த்தால் 35 கார்பன், 16 ஆக்சிஜன். ஐந்தாம் வாய்ப்பாட்டுக்குள் அடங்குவது போலத் தெரியும், ஆனால் அது தற்செயல். வேம்பு தொடங்குவது 30 கார்பனில். இரண்டு 15 கார்பன் சங்கிலிகள் சேர்ந்து ஸ்குவாலீன் ஆகி, ஒரு முனையில் ஆக்சிஜன் ஏறியதும், ஒரே நொதி ஜிப்பை இழுப்பது போல நான்கு வளையங்களை ஒரே மூச்சில் மூடுகிறது. இதே மூலப்பொருளை நம் உடம்பின் நொதி மடிக்கும்போது கொலஸ்ட்ராலுக்குப் போகும் பாதை. வேம்பின் நொதி மடிக்கும்போது கிடைப்பதன் பெயர் டிருகல்லாடையீனால். இந்தப் பெயரைக் காதில் போட்டுப் பாருங்கள். திருகுகள்ளி! அந்தக் கள்ளியின் பாலில் முதலில் பார்த்த வடிவம் என்பதால் வந்த பெயர். மலபார்ப் பகுதியில் வழங்கிய கள்ளியின் பெயரை லின்னேயஸ் அப்படியே அறிவியல் பெயராக்கினார், அது வேதியியலுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதன் பிறகு பி450-கள் மாறி மாறி ஆக்சிஜன் ஏற்ற, வழியில் நான்கு கார்பன்கள் வெட்டி எறியப்பட, 26 கார்பன் எலும்புக்கூடு மிஞ்சுகிறது. மேலே ஒட்டிய அலங்காரங்கள்தான் மற்ற ஒன்பதும். 2023-இல் வெளியான ஆய்வில், வேம்பின் உறவினர் ஒன்றிலும் எலுமிச்சைக் குடும்பத்திலும் இந்தப் பாதையின் முற்பகுதியைத் தேடிப் பிடித்து, மரபணுக்களைப் புகையிலை இனச் செடியின் இலையில் செலுத்தி, அசாடிரோன் என்ற கட்டம் வரை செய்துகாட்டினார்கள். எலுமிச்சை ஏன் நடுவில் வந்தது என்றால், ஆரஞ்சு விதையைக் கடித்தால் கசப்பதும் இதே குடும்பத்துப் பொருள்தான்.

இப்படி மரபணுவைக் கடன் வாங்கும் உத்தி ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின், சீனாவில் வளரும் ஒரு மாசிபத்திரி இனத்திலிருந்து கிடைக்கும் 15 கார்பன் டெர்பீன். அதைக் கண்டறிந்த டூ யூயூவுக்கு 2015-இல் நோபல் கிடைத்தது. அந்தச் செடியின் நொதிகளை ரொட்டி ஈஸ்ட்டுக்குள் வைத்து, மருந்துக்கு முந்தைய கட்டமான ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை லிட்டருக்கு 25 கிராம் அளவுக்குத் தயாரித்ததை 2013-இல் வெளியிட்டார்கள். சர்க்கரையைப் போட்டால் சாராயம் தரும் அதே ஈஸ்ட்தான்.

டெர்பீன்களை மட்டும் பிடித்துக்கொண்டு பேசியதால், எல்லா இயற்கை விளைபொருளும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மஞ்சளின் குர்குமின், பென்சிலின், எரித்ரோமைசின் எல்லாம் வேறு பட்டறைகளில் வேறு விதமாகச் செய்யப்படுபவை. டெர்பீனுக்குள்ளேயே கூட விதியை மீறும் ஆள் உண்டு. ரோஜா மணத்தில் முக்கியமானது ஜெரனியால், பத்துக் கார்பன் சங்கிலியிலிருந்து பாஸ்பேட் வால் போனால் கிடைப்பது. இதைச் செய்வதும் மேலே சொன்ன டெர்பீன் நொதிகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நன்றாக மணக்கும் பாப்பா மெய்யான் என்ற ரோஜா ரகத்தையும் மணமே இல்லாத ரூஜ் மெய்யான் ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மரபணு ஒன்றில் மும்முரமாகவும் மற்றதில் சோம்பியும் இருக்கிறது என்று பார்த்தார்கள். அகப்பட்டது நூடிக்ஸ் என்ற குடும்பத்து நொதி. செல்லுக்குள் கெட்டுப்போன மூலக்கூறுகளைப் பெருக்கித் தள்ளும் துப்புரவு வேலைக்குத்தான் அந்தக் குடும்பம் பேர் போனது. ரோஜா இதழில் அது வாலின் ஒரு பாஸ்பேட்டைக் கத்தரித்து விடுகிறது, மிச்சமிருக்கும் ஒன்றை வேறொரு நொதி எடுத்துவிடுகிறது.